உசிலம்பட்டியில் எண்ணாமல் விட்ட ஒரு சுற்று

காலை ஐந்தே முக்காலுக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மூன்றடி உயரக் கோப்பை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றி, நீல டிராக் சூட் போட்ட பதினோரு பெண்கள். அவர்கள் எங்கள் கல்லூரியின் தடகள அணி. நான் அவர்களுக்கு மேலாளர். முந்தின நாள் மதியம் மூன்று மணி வரை நான் வெறும் இயற்பியல் ஆசிரியராகத்தான் இருந்தேன். மூன்று மணிக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். உடற்கல்வி இயக்குநர் பாண்டியன் சாருக்கு டைபாய்டு. கூடப் போகவேண்டிய மேடத்துக்குத் தேர்வுக் கண்காணிப்பு. “நீங்க போயிட்டு வந்துருங்க. ஒரு நாள்தானே” என்றார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடினதில்லை, அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ஆள் என்பதைச் சொல்லிப் பார்த்தேன். “ஓடப்போறது நீங்க இல்லையே” என்றார்.

மதுரை வட்டாரக் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பெண்கள் தடகளப் போட்டி அது. ஏழெட்டுக் கல்லூரிகள் வரும் என்றாலும் சண்டை இரண்டுக்குள்தான்: நகரத்திலிருக்கும் நாங்கள், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அவர்கள். கல்லூரிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. மைதானத்திலும் யாரும் பெயர் சொல்வதில்லை. “மதுரை”, “உசிலை”, “அழகர்கோவில்” என்று ஊரைச் சொல்லித்தான் கத்துவார்கள்.

கோப்பை சுழற்கோப்பை. போன வருடம் நாங்கள் ஜெயித்தது. இந்த வருடம் போட்டி உசிலம்பட்டியில் என்பதால், கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு, மறுபடி ஜெயித்தால் எடுத்துக்கொண்டு வரவேண்டும். இரவு பாண்டியன் சார் போனில் காய்ச்சல் குரலில் மூன்று உத்தரவுகள் போட்டிருந்தார். “ஒண்ணு, கோப்பை திரும்பி வரணும். ரெண்டு, பிள்ளைகளுக்கு மோர் மட்டும் குடுங்க, கலர் சோடா வேணாம். மூணு, அங்க தவசின்னு ஒரு பி.டி. இருப்பான். அவன் டீ குடுத்தா குடிக்காதீங்க.”

“ஏன் சார், எதுவும் கலந்துருவாரா?”

“கலக்கமாட்டான். பேசுவான். பேச்சுல விழுந்தா எந்திரிக்க முடியாது.”

செக்கானூரணி டவுன் பஸ்ஸில் ஏறினோம். பதினெட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம் என்பதால் பதினோரு சீட்டுகளைச் சும்மாவே கிழித்துக் கொடுத்த நடத்துநர், எனக்கு மட்டும் பதினைந்து ரூபாய் வாங்கினார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

“இது?”

“கப்பு.”

“லக்கேஜ் போடணும் சார்.”

“மடியிலதானே வச்சிருக்கேன்?”

“மடியில வச்சாலும் சன்னலை மறைக்குதுல்ல.” இன்னொரு பதினைந்து ரூபாய். அணித்தலைவி முத்துப்பேச்சி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பி.காம். மூன்றாம் ஆண்டு, குண்டு எறிபவள். அவள் எட்டிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தானாக ஒதுங்கிக்கொள்வார்கள். “அண்ணே, அது பொம்பளைக ஜெயிச்ச கப்பு. அதுக்கும் ஃப்ரீதான்” என்றாள். பஸ் சிரித்தது. நடத்துநரும் சிரித்தார். ஆனால் காசைத் திருப்பித் தரவில்லை.

நாகமலைப் புதுக்கோட்டை தாண்டும்போது விடிந்துவிட்டது. வலதுபுறம் நாகமலை வால் நீட்டிப் படுத்துக்கொண்டு கூடவே வந்தது. எனக்குப் பக்கத்தில் கத்தரி நாற்றுக் கூடையோடு ஒரு பெரியவர். ரொம்ப நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“ஜெயிச்சு வாங்கிட்டு வாரீகளா?”

“இல்லைங்க. திருப்பிக் குடுக்கப் போறோம்.”

“குடுக்குறதுக்கா இம்புட்டுப் பேரு பஸ் ஏறிப் போறீக?”

மறுபடி ஜெயித்து வாங்கி வருவோம் என்றேன். “அப்ப எதுக்குக் குடுக்கணும், வீட்டுலயே வச்சுக்க வேண்டியதுதானே” என்றார். கோப்பைகளின் ஏற்பாட்டை அதற்கு முன் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கினதில்லை.

காலை 6.35. செக்கானூரணியில் வண்டி மாறினோம். நிலையத்துக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய், உளுந்தவடை எட்டு. பத்துப் பேர் தலைக்கு இரண்டு வடை. ஒருத்தி மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்: ஜோதி, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, என் வகுப்புதான். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து நிற்பாள். பதில் சொல்லமாட்டாள், நிற்பாள். பரவையிலிருந்து தினம் வருகிறாள். அம்மாவுக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். பள்ளிக்கூடத்திலிருந்தே ஓடுகிறாள், ஒருமுறைகூட முதலாவது வந்ததில்லை என்று முத்துப்பேச்சி சொன்னாள். “ரெண்டாவது வருவா சார். இல்லாட்டி மூணாவது. அவளுக்கு அது பழகிப்போச்சு.”

கருமாத்தூர் தாண்டியதும் நிலம் மாறுகிறது. வயல் நின்று, சிவப்பும் கறுப்புமாக மானாவாரிக் காடு தொடங்குகிறது. ஆவணி பிறந்தும் மழை இல்லை. உழுதுபோட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டவெளியில் மாடுகள். காற்று மட்டும் குறைவில்லாமல் அடிக்கிறது. அந்தக் காற்றைப் பார்த்து எங்கள் ஈட்டி எறிகிற பெண் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

காலை 7.40. உசிலம்பட்டி நிலையத்திலிருந்து மைதானத்துக்கு இரண்டு ஷேர் ஆட்டோ, தலைக்குப் பத்து ரூபாய். ஆட்டோக்காரர் கோப்பையை அடையாளம் கண்டுகொண்டார். “மதுரைக்காரகளா? கொண்டாந்துட்டீகளா? நல்லது. இங்கேயே விட்டுட்டுப் போயிருங்க” என்றார்.

மைதானம் நல்ல மைதானம். செம்மண்ணில் நானூறு மீட்டர் ஓடுபாதை, சுண்ணாம்புத் தூளால் புதிதாகப் போட்ட கோடு, ஓரத்தில் வரிசையாக வேப்பமரங்கள். வாசலிலேயே தவசி நின்றுகொண்டிருந்தார். பயங்கரமான ஆளை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற தாய்மாமன் மாதிரி இருந்தார்.

“வாங்க சார், வாங்க! பாண்டியன் அண்ணனுக்கு மேலுக்கு முடியலையாமே? மனசு கேக்கல சார் எனக்கு. டீ சாப்பிடுவமா?”

“இப்பத்தான் சாப்பிட்டேன்” என்றேன். முத்துப்பேச்சி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இரண்டு கல்லூரிக்கும் நடுவிலுள்ள பகையைப் பிள்ளைகள் எனக்குப் பஸ்ஸிலேயே ஒப்பித்திருந்தார்கள். ஒரு தடவை இரும்புக்குண்டு எடை குறைவு என்று அவர்கள் புகார் சொல்ல, பாண்டியன் சார் கோபத்தில் குண்டைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டிச் சந்தைக்கே போய், புளிக்கடைத் தராசில் வைத்து நிறுத்தாராம். நூறு கிராம் கூடுதலாக இருந்திருக்கிறது. “கூட இருந்தா எங்களுக்குத்தானே நட்டம்?” என்று இவர் கேட்க, “சட்டப்படி நாலு கிலோன்னா நாலு கிலோதான்” என்று தவசி சொல்ல, நடுவில் புளிக்கடைக்காரர், “வாங்குறதா இருந்தா வாங்குங்க, இல்லாட்டி தராச விடுங்க” என்றாராம். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் டீ மட்டும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள், சந்தேகத்தோடு.

ஒன்பது மணிக்கு என்ற தொடக்க விழா பத்தேகாலுக்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் பலூன் கொத்தைப் பறக்கவிட்டார். அது நேரே போய் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே இருந்தது. நான் கோப்பையை மேடையில் வைத்தேன். அவர்கள் கூட்டம் கைதட்டியது, ஏதோ சீர்வரிசை வந்து சேர்ந்த மாதிரி.

பிறகு நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்துப்பேச்சி குண்டு எறிதலில் முதலிடம். அவள் எறிந்த குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு அளவு நாடா பிடித்தவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். ஈட்டியைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. இருநூறு மீட்டர் நடக்கும்போது மூன்று ஆடுகள் பாதையின் வளைவில் குறுக்கே வந்தன; எங்கள் பெண் ஒதுங்கி ஓடினாள், அவர்கள் பெண் தாண்டி ஓடினாள், அவளுக்கு முதலிடம். “ஆடு உங்க ஊரு ஆடு” என்று முத்துப்பேச்சி வாதாடினாள். மதியம் தக்காளிச் சாதம், தயிர்ச் சாதம், ஒரு வாழைப்பழம். இரண்டு மணிக்குக் கரும்பலகையில் உசிலை 47, மதுரை 46. மிச்சம் இருந்தவை இரண்டே போட்டிகள்: ஐயாயிரம் மீட்டரும் தொடர் ஓட்டமும்.

மதியம் 2.20. ஐயாயிரம் மீட்டர் என்பது அந்தப் பாதையில் பன்னிரண்டரைச் சுற்று. ஓடுகிறவர்களுக்கு எண்ணிக்கை நினைவிருக்காது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் எண்ணவேண்டும். தன் கல்லூரிப் பெண்ணைத் தானே எண்ணக்கூடாது என்பது விதி. ஆகவே எங்கள் ஜோதியை எண்ணத் தவசி. அவர்களுடைய வனிதாவை எண்ண நான். போட்டிகளின் செயலாளர் என் கையில் பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். முதல் அரைச் சுற்றுக்குக் கட்டம் இல்லை. அதன்பிறகு வனிதா முடிவுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்வார். நான் அதை ஒவ்வொரு கட்டமாக எழுதவேண்டும்.

“பிசிக்ஸ் புரொஃபசரா? அப்ப கவலையே இல்ல” என்றார் செயலாளர்.

ஆறு பேர் கிளம்பினார்கள். வனிதா முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டாள். கறுத்து, மெலிந்து, ஓடுவதே தெரியாமல் ஓடுகிற பெண். கடிகாரம் மாதிரி வந்தாள். சுற்றுக்கு ஒரு நிமிடம் நாற்பத்தாறு விநாடி. நான் எழுதிக்கொண்டே வந்தேன். எனக்கு எண் எல்லாம் சௌராஷ்டிரத்தில்தான் ஓடும். பாடம் தமிழில் நடத்துவேன், சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் வாசிப்பேன், ஆனால் எண்ணுவதும் திட்டுவதும் வீட்டு மொழியில். வாய்க்குள் முனகியதைத் தவசி கேட்டுவிட்டார்.

“என்ன சார், மந்திரமா?”

“எண்றேன் சார்.”

“எந்த பாஷையில?”

சொன்னேன். “எங்களுக்குப் புரியாம எண்ணினா நாங்க எப்படி சார் சரிபார்க்குறது?” என்று சிரித்தார். அப்போதுதான் தட்டு வந்தது. வாழைக்காய் பஜ்ஜி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது, தேங்காய்ச் சட்னி, கண்ணாடி டம்ளரில் டீ. ஆறரை மணி டீக்குப் பிறகு நான் எதுவும் குடித்திருக்கவில்லை. “எடுத்துக்கங்க சார், எங்க ஊரு பஜ்ஜி” என்றார் தவசி. பாண்டியன் சார் டீயைத்தான் சொன்னார், பஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று எடுத்தேன். சூடு தாங்காமல் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன். தவசி புளிக்கடைத் தராசுக் கதையை அவருடைய பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார்.

சுற்றுகள் போயின. மூன்று பெண்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் தாளில் பதினோராவது கட்டத்தை எழுதினேன், “இன்னும் ஒரு ரவுண்டு!” என்று கத்தினேன், செயலாளர் மணி அடித்தார். ஆனால் வனிதா கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். முடித்துவிட்டதாக நினைத்துவிட்டாள் போல.

“ஓடு! இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு!” எல்லோரும் கத்தினோம். அவள் திருதிருவென்று விழித்தாள். தவசியைப் பார்த்தாள். தவசி என் தாளைப் பார்த்தார். அதற்குள் முப்பது மீட்டர் பின்னால் வந்துகொண்டிருந்த ஜோதி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். வனிதா அழுகிற முகத்தோடு மறுபடி ஓடத் தொடங்கினாள், கால் வரவில்லை. கடைசி வளைவில் ஜோதி ஓடி வந்த விதத்தை இன்னும் கண்ணை மூடினால் பார்க்கலாம். வகுப்பில் வாய் திறக்காத பெண் “ஆ” என்று கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். முதலிடம்.

என் பதினோரு பேரில் பத்துப் பேர் அவள்மேல் விழுந்தார்கள். கரும்பலகையில் மதுரை 51, உசிலை 50. நான் என் வாழ்நாளில் முதல்முறையாக விசில் அடித்தேன். சத்தம் வரவில்லை, காற்று வந்தது. ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப்பில் “நம் ஜோதி முதலிடம்” என்று போட்டேன். அரை நிமிடத்தில் முதல்வர் கட்டைவிரல் தூக்கினார். பாண்டியன் சார், படுக்கையிலிருந்தபடியே, ஒன்பது கட்டைவிரல்கள்.

மதியம் 3.05. தவசி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். ஷாமியானாவுக்குக் கீழே செயலாளரும் இரண்டு நடுவர்களும் உட்கார்ந்தார்கள். வனிதா ஒரு சுற்று கூடுதலாக ஓடவைக்கப்பட்டாள் என்பது புகார். உள்ளூர்க் கூட்டமும் அதையே கத்தியது. ஆனால் உள்ளூர்க் கூட்டம் காலையிலிருந்தே எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை. செயலாளர் என் தாளை வாங்கிப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. “எண்ணினவர் புரொஃபசர். தாள் சரியா இருக்கு. ஆட்சேபத்தைத் தள்ளிரலாமா?” என்று பேனாவை எடுத்தார். அவருக்கு ஐந்து மணித் தேனி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

“ஒரு தடவை குடுங்க, பார்க்குறேன்” என்று தாளை வாங்கினேன். பெருமையாகப் பார்க்கத்தான் வாங்கினேன். ஆறாம் கட்டத்தில் 11 நிமிடம் 29 விநாடி. ஏழாம் கட்டத்தில் 15 நிமிடம் 1 விநாடி. ஏழாம் கட்டத்தின் மூலையில் எண்ணெய்க் கறை.

ஒவ்வொரு சுற்றையும் நூற்றாறு விநாடியில் முடித்த பெண், அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் மூன்று நிமிடம் முப்பத்திரண்டு விநாடி எடுத்துக்கொண்டாளாம். சரியாக இரண்டு மடங்கு. நடுவில் சந்தைக்குப் போய் வந்தாலொழிய அது நடக்காது. நான் பஜ்ஜியைக் கைமாற்றிக்கொண்டிருந்தபோது அவள் ஒருமுறை கோட்டைத் தாண்டியிருக்கிறாள். நான் எழுதவில்லை.

அந்த ஷாமியானாவில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. கட்டங்களை எண்ணினார்களே தவிர, கழித்துப் பார்க்கவில்லை. பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தால் போதும். போன் வேறு அதிர்ந்தது: பாண்டியன் சார். எடுக்கவில்லை. வருடத்துக்கு இருநூறு பிள்ளைகளின் சோதனைக்கூட நோட்டுகளில், “வந்த அளவை எழுது, வரவேண்டிய அளவை எழுதாதே” என்று சிவப்பு மையில் எழுதுகிறவன் நான். அந்த நிமிடம் அந்த வாக்கியத்தை எழுதினவன்மேல் எனக்கு நல்ல கோபம் வந்தது.

“அஞ்சு நிமிஷம் குடுங்க” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். ஜோதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் உப்பு. கையில் முத்துப்பேச்சியின் போன்.

“சார், அம்மாட்ட சொல்லிட்டேன்” என்றாள். அவள் தானாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

நான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். தாளைக் காட்டினேன். ஆறாம் கட்டம், ஏழாம் கட்டம். என் மாணவிதானே, நான் விளக்கி முடிப்பதற்குள் கழித்துவிட்டாள். கொஞ்ச நேரம் காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கடைசிக்கு முந்தின ரவுண்டுல, அந்தப் பக்க வளைவுல, அவ பின்னாடி இருந்து வந்து என்னைய தாண்டிப் போனா சார். முன்னாடி போனவ எப்படிப் பின்னாடி இருந்து வாராள்னு நெனச்சேன். அப்புறம் மணி அடிச்சுட்டாங்க. மணி அடிச்சா எதையும் நெனைக்க முடியாது சார். இப்பத்தான் புரியுது, அவ என்னைய விட ஒரு முழு ரவுண்டு முன்னால இருந்திருக்கா.”

“தப்பு என்மேல ஜோதி.”

“ஆமா சார்” என்றாள். மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி அவ அழுதுக்கிட்டே இருப்பா” என்றாள்.

ஷாமியானாவுக்குத் திரும்பி வந்து, தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நடுவர்கள் வாயைப் பிளந்தார்கள். தவசி மட்டும் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“அப்ப அந்த நேரத்துல நீங்க என்ன சார் செஞ்சுக்கிட்டு இருந்தீக?”

“நீங்க குடுத்த பஜ்ஜியத் தின்னுக்கிட்டு இருந்தேன் சார்.”

தவசி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். தன் பெண்ணைத் தானே கவிழ்த்தது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வனிதா முதல், ஜோதி இரண்டாவது. கரும்பலகையை அழித்து எழுதினார்கள்: உசிலை 52, மதுரை 49.

என் பிள்ளைகள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். தண்ணீர் பாட்டில் கேட்டேன். பாட்டில் வந்தது, ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தொடர் ஓட்டத்துக்கு இரட்டைப் புள்ளி. எங்கள் இரண்டு பேரில் யார் அதில் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை. அதில் வனிதாவும் ஓடவேண்டும். அவளோ ஐயாயிரத்துக்குப் பதில் ஐயாயிரத்து நானூறு மீட்டர் ஓடி, கெண்டைக்கால் பிடித்துப் படுத்திருந்தாள்.

தவசி அரைமணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டார். “மற்ற அணிகள் சம்மதிச்சாத்தான்” என்றார் செயலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி. அழகர்கோவில் அணி உடனே சரி என்றது. அவர்கள் எதற்குமே சரி என்பார்கள், எதிலும் ஜெயித்ததில்லை. எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த முதல் பார்வை அது; நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எங்க சாருக்கு எண்ணத் தெரியல. அதுக்கு அவ காலு என்ன செய்யும்?” என்றாள். “இருக்கோம் சார். அரைமணி இல்ல, முக்கால் மணி கூட இருக்கோம். ஆனா எங்க பதினோரு பேருக்கும் பஜ்ஜி வேணும்.”

தட்டுகள் வந்தன. வனிதாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தது யார் என்று பார்த்தேன்: ஜோதி. இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும்.

மாலை 4.15. தொடர் ஓட்டம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு சுற்று. செயலாளர் என்னை எதையும் எண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு சுற்றும் மதுரையும் உசிலையும் தோளோடு தோள். மூன்றாம் சுற்றில் இரண்டு கல்லூரிக் கூட்டமும் ஒருவரையொருவர் பார்த்து வாழ்க, ஒழிக போட்டுக்கொண்டிருந்ததில், வெளிவரிசையில் அழகர்கோவில் பெண் ஒருத்தி முன்னால் போனதை யாரும் கவனிக்கவில்லை. கடைசிச் சுற்றில் அவர்களுடைய நெட்டைப் பெண் ஓடத் தொடங்கியபோதுதான் மைதானம் வாயை மூடியது. அவள் முதலில் வந்தாள். வனிதா, எண்ணெய்க் காலோடு, இரண்டாவது. நாங்கள் ஓரடி பின்னால் மூன்றாவது.

அழகர்கோவில் அணியின் மேலாளர் அந்த நேரம் வேப்பமரத்துக்குப் பின்னால் திரும்பிப் போக வேன் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தபோது யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று போனை வைத்துவிட்டு அலறினார். மொத்தப் புள்ளியில் அவர்கள் நான்காவதுதான். ஆனால் கோப்பையை வாங்கிய உசிலைக்காரர்களைவிட அவர்கள் ஆடிய ஆட்டம் பெரிது. மேளக்காரர்களே குழம்பிப்போய் அவர்கள் பின்னால் போய்விட்டார்கள்.

பெஞ்சை அடுக்கிச் செய்த மேடையில் வனிதாவும் ஜோதியும் ஏறி நின்றார்கள். வெள்ளிப் பதக்கம் ஜோதிக்கு. தவசி எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். “பாண்டியன் அண்ணன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க. அடுத்த வருஷமும் நீங்களே வாங்க சார்” என்றவர், கையைப் பிடித்துக்கொண்டு, “சார், அந்தத் தாளை நான் வச்சுக்கிடவா?” என்று கேட்டார். கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மாலை 5.40. உசிலம்பட்டி நிலையத்தில் மதுரை பஸ். பெண்கள் ஒருவழியாக என்னோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். கருமாத்தூரைத் தாண்டும்போது நிலவரம் இதுதான்: முத்துப்பேச்சி தூங்குகிறாள், பாண்டியன் சாரின் போனை நான் ஏழாவது முறையாக எடுக்கவில்லை, வெளியே உழுத நிலத்தில் வெயில் சாய்ந்து கட்டிகள் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்திருக்கிறது. காலையில் வெறும் பொட்டலாகத் தெரிந்த காடு அது. எங்கள் தெருவில் வீட்டுச் சுவர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இவ்வளவு தூரத்துக்குப் பார்வை ஓடி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளைகள் எப்படி அப்படி ஓடுகிறார்கள் என்று கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

பக்கத்து இருக்கையில் ஜோதி அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ரெண்டாவதும்மா... இல்லம்மா, அப்பச் சொன்னது தப்பு... எங்க சாரு ஒரு ரவுண்ட எண்ணாம விட்டுட்டாரு... ஆமா, அவருதான், கணக்கெல்லாம் போடுவாரே...” பிறகு போனை என்னிடம் நீட்டினாள். “அம்மா பேசணுங்கறாங்க சார்.”

பின்னால் மார்க்கெட்டு இரைச்சல். யாரோ வெண்டைக்காய் விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“சார், நீங்க செஞ்சது சரிதான் சார். அந்தப் பிள்ளையும் ஒருத்தி பெத்த பிள்ளதானே” என்றார் அந்த அம்மா. “ஆனா இங்க நான் மார்க்கெட்டு முழுக்க முதல்னு சொல்லி, ஆளுக்கு ஒரு மிட்டாயும் குடுத்துட்டேன். தின்னதைத் திருப்பிக் கேக்க முடியுமா? அதனால ஒண்ணு செய்யிங்க. அங்க ரெண்டாவதுன்னே இருக்கட்டும். இங்க பரவைக்குள்ள நீங்க வாயத் திறக்காதீங்க.”

சரிங்கம்மா என்றேன். அந்த ஊரில் இதுவரை திறக்கவில்லை.